சிவப்பாய்த் தெரிந்த வயல்

எனக்கு அநியாயம் செய்தவன் என் மச்சான் ஷரிபுதீன்.

சுனாமியில் வீடு போய், கால் முறிந்து, பள்ளிக்கூட முகாமில் கிடந்தேன். நற்பிட்டிமுனையில் என் வயலும் அவன் வயலும் பக்கம் பக்கம். ஒருநாள் வந்து, "கடல் தண்ணி ஏறி உன்ட பயிர் கருகிப் போயிட்டு மச்சான்" என்றான். நம்பினேன்.

நான் ஊன்றுகோலை விட்டு நடந்துபோய்ப் பார்த்தபோது வயல் உழுது கிடந்தது. மாசியில் ஷரிபுதீன் அதில் கதிர் வெட்டியதைக் கண்டதாக அயல் வயல்காரன் பக்கீர் முகைதீன் சொன்னான். போய்க் கேட்டேன்.

"உப்படிச்ச வயல்ல என்னத்தை வெட்டுற?" என்றான்.

அதோடு அவனோடு கதையில்லை.

யுத்தம் முடிந்த மறுவருடம், கமநல நிலையத்துக்கு வயல்காரரைக் கூப்பிட்டார்கள். எந்த வயல் வட்டையில் எவ்வளவு விளைகிறது என்று அரசாங்கம் இனி வானத்திலிருந்து எடுக்கும் செய்மதிப் படத்தில் பார்க்குமாம். அவரவர் வயலைக் கணினியில் தொட்டுக் காட்ட வேண்டும். ஷரிபுதீனும் வந்து பின்கதிரையில் இருந்தான்.

என் வயலைக் காட்டிவிட்டு, உத்தியோகத்தர் பஹ்மிதாவிடம் கேட்டேன்.

"மகள், சுனாமிப் போகத்துப் படம் இரிக்கா?"

"மழைக்காலத்துல எடுத்தா முழுக்க மேகம்தான் மாமா. ஆனா அந்த வருசம் வெளிநாட்டுக்காரங்க நிறைய எடுத்துத் தந்தாங்க. பழைய படம் ஒண்டையும் நாங்க அழிக்கிறல்ல." தேடினாள். "இந்தா, ஜனவரிக் கடைசி. மேகமில்ல."

கடற்கரைப் பக்கத்து நிலம் சாம்பலாய்த் தெரிந்தது. என் வயல் சிவந்து கிடந்தது.

அப்படியென்றால் கருகித்தான் போயிருக்கிறது. இத்தனை வருடம் சும்மா முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஷரிபுதீனுக்கு ஸலாம் சொல்லத் திரும்பினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல பயிர் மாமா" என்றாள் பஹ்மிதா.

"சிவப்பாக் கிடக்கே?"

"இந்தப் படத்துல சிவப்பெண்டா உயிருள்ள பயிர். செத்ததுதான் சாம்பல். மார்ச் படத்தைப் பாருங்க, வெட்டி முடிஞ்சிட்டு."

நான் எழும்பினேன். "என்ட நெல்லு எங்கடா?"

ஷரிபுதீன் நிமிர்ந்தான். "நீ திண்டிட்டாய்."

"என்ன?"

"மாசியில நிவாரண அரிசி நிண்டுட்டு. முகாம்ல அவ்வளவு சனம். என்ட வயலையும் உன்ட வயலையும் வெட்டித்தான் அடுப்பெரிஞ்ச. இன்னும் ஒரு அகப்பை போடச் சொல்லிக் கோப்பையை நீட்டுவியே, அது உன்ட நெல்லுச் சோறுதான்."

"வெட்ட முதல் என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பியா? பிறகு சொல்லியிருந்தா, திண்ட ஆக்கள்ட வாசலுக்கெல்லாம் போய் நெல்லுக்குக் கணக்குக் கேட்டு நிண்டிருப்பாய்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இப்போது பெருநாளைக்கு ஸலாம் சொல்லிக்கொள்கிறோம். அவன் வீட்டில் சாப்பிடவும் சாப்பிடுகிறேன்.

ஆனால் அன்றைக்கு முகாமில் 'ஓம், வெட்டிக் குடு' என்று சொல்லவேண்டியவன் நான். என்னைச் சொல்லவிடாமல் எடுத்துக்கொண்டு போன அந்த 'ஓம்' என்ற சொல்லை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.