வெளியே பூட்டிய வீடு

பூட்டு உடையவில்லை. சக்கரவர்த்தி கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்ப, கொண்டி மரத்தோடு பெயர்ந்து வந்தது.

"பொண்டாட்டிய உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஆட்டோ ஓட்டப் போயிருக்கான் பாருங்க மேடம்!" என்றான். கூட இரண்டு நண்பர்களைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். தங்கையின் வீட்டுக்கு அவனை வரவழைத்ததே ஹைமவதிதான்.

ஹைமவதி திருவண்ணாமலையில் மனநல ஆலோசகர். நாள்பட்ட சோர்வு நோயால் எழுந்து நிற்கவே திணறிய தேவிப்ரியாவுக்குச் சில மாதங்களாகப் பேச்சு சிகிச்சை தந்துவந்தாள். என்னால் முடியாது என்கிற எண்ணத்தை மாற்ற வேண்டும். வாரத்துக்கு வாரம் கிரிவலப் பாதையில் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். அதுதான் வைத்தியம். தேவிப்ரியாவைப் போலச் சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற ஆள் ஹைமவதியிடம் அதுவரை வந்ததில்லை.

ஆனால் அவள் உடம்பில் காயங்கள் வரத் தொடங்கின. ஒரு வாரம் இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. பிறகு முழங்கை. கடைசியாக வந்தபோது தாடை கிழிந்து தையல் போட்டிருந்தது.

"யார் பண்ணாங்க தேவி?"

"ஒண்ணும் இல்ல மேடம். அடுத்த வாரத்துக்கு இன்னா செய்யணும், சொல்லுங்க." தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் வேணு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மேசையை ஓங்கி அறைந்ததில் தண்ணீர் பாட்டில் உருண்டது.

"இனிமே இவ இங்க வர மாட்டா. இவ மண்டையில என்னத்த ஏத்தி வுடறீங்க நீங்க?"

மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அப்புறம் அவள் வரவில்லை. போன் செய்தால் வேணு எடுத்தான், குரலைக் கேட்டதும் வைத்தான். இப்படிப்பட்ட புருஷர்களை ஹைமவதி நிறையப் பார்த்திருக்கிறாள். தங்கையைச் சிகிச்சைக்குச் சேர்த்துவிட வந்த அண்ணனை அழைத்துச் சொன்னாள். போலீசுக்குப் போகலாம் என்றும் சொன்னாள்.

"போலீஸ் எதுக்கு மேடம்? நான் பாத்துக்கறேன்," என்றான் சக்கரவர்த்தி. அவள் வற்புறுத்தவில்லை.

இப்போது வீட்டுக்குள் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. தேவிப்ரியா பாயில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஹைமவதி அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசக்கூடத் தெம்பில்லாம அடிச்சுப் போட்டிருக்கானே!" சக்கரவர்த்தியின் குரல் உடைந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கையில் இளநீரோடு வேணு ஓடிவந்தான். "யாரு கதவ ஒடச்சது? மெதுவாப் பேசுங்க, அவளுக்குச் சத்தம் ஆவாது..."

முதல் குத்து அவன் மூக்கில் விழுந்தது. இளநீர் வாசல்படியில் விழுந்து உருண்டது. நண்பர்கள் ஆளுக்கொரு கையை முறுக்கிப் பிடித்துக்கொள்ள, சக்கரவர்த்தி வயிற்றில் உதைத்தான். மடங்கி விழுந்தவனின் முடியைப் பற்றி முகத்தைச் சுவரில் மோதினான். வெள்ளைச் சுவரில் ரத்தம் கோடு இழுத்தது.

"எந்தங்கச்சி இன்னாடா பண்ணா உன்னை? சொல்றா!"

"மச்சான்... கேளு மச்சான்... நான் போனதும் அவ வெளிய போயிடறா. அதான் பூட்டி..."

"வெளிய போனா பூட்டுவியா? அவ இன்னா நாயாடா?"

செருப்புக் கால் வாயில் இறங்கியது. பல்லும் எச்சிலும் ரத்தமுமாக ஏதோ துப்பினான் வேணு. அதற்கப்புறம் அவன் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

போதும் என்று சொல்ல ஹைமவதி வாயைத் திறந்தாள். மடியில் கிடந்த முகத்தில் அந்தத் தையல் தழும்பு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சக்கரவர்த்தி கடப்பாரையை எடுத்தான். "எந்தங்கச்சிய அடிச்ச கை இதானே?" வேணுவின் வலது கையைத் தரையில் மிதித்துக்கொண்டு ஓங்கி இறக்கினான். காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம். வேணு அலறிய அலறலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது முறை ஓங்கியபோதுதான் ஹைமவதி கத்தினாள்.

"நிறுத்துங்க! செத்துடப் போறான்!"

கடப்பாரை தரையில் விழுந்தது. வேணு அலறுவதை நிறுத்திவிட்டான், மூச்சு மட்டும் இரைந்தது. யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள்.

ஹைமவதியின் புடவைத் தலைப்பை ஏதோ இழுத்தது. தேவிப்ரியாவின் விரல்கள். கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. ஹைமவதி குனிந்து அவள் நெற்றியைத் தடவினாள்.

"பயப்படாத. இனிமே உன் மேல யாரும் கை வைக்க மாட்டாங்க."

தேவிப்ரியா தலையை அசைத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள்.

"அவரு என்னை அடிச்சதே இல்ல... முடியலன்னு சொல்லக் கூடாதுன்னீங்க, நடந்து நடந்து வுழுந்தேன் மேடம்."