லாரியில் ஓர் இடம்

வயல் காய்ந்தபின் ஊர்ப் பையன்களுக்குக் கல்குவாரியை விட்டால் வேறு பிழைப்பில்லை. காலையில் லாரி வரும். மேஸ்திரி தேவையான ஆட்களை ஏற்றிக்கொள்வார். மிச்சப் பேர் வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டி முகத்தில் விழிக்க வேண்டும். தினமும் மிச்சமாகும் நெட்டைக்கு அது பழகிவிட்டது. பாலுக்கு அழும் அவன் பிள்ளைக்குத்தான் பழகவில்லை.

போன மாதம் அதே தெருப் பையன் சுருட்டை அந்த லாரியிலிருந்து விழுந்து, பின்சக்கரத்தில் நசுங்கிச் செத்தான். தெருவே போய்க் குழியில் மண் போட்டது, நெட்டையும் போட்டான். அடுத்த வாரம் சுருட்டை வரிசையில் முதல் ஆளாக நின்றான். சட்டைக் காலரில் அந்த மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"அவன்தான் செத்துட்டானே அண்ணே!" என்றான் நெட்டை.

"அதனால என்னடா? தண்ணி கேக்குறதில்ல, முதுகு வலின்னு உக்காருறதில்ல. ஆள் சரியா இருக்கு, நீ நாளைக்கு வா" என்றார் மேஸ்திரி.

மறுநாளும் அதே பாட்டுதான்.

சுருட்டையின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. குழாயடியில் நெட்டையின் பொண்டாட்டியைப் பிடித்துக்கொண்டாள். "என் பையன் செத்தும் வேலையை விடல. உன் புருஷன் உயிரோட இருந்து என்னத்தைக் கிழிச்சான்?"

பொண்டாட்டி வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கும் முன்பே அதைப் புருஷனிடம் அப்படியே ஒப்பித்தாள்.

மறுநாள் லாரி கிளம்பியதும் நெட்டை பின்பலகையைப் பிடித்துக்கொண்டே ஓடினான்.

"டேய் சுருட்டை, ரொம்ப வலிச்சுதாடா?"

சுருட்டை நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டான்.