கரிய முகத்தில் மஞ்சள்

பாக்குத் தோப்பில் விழுந்து செத்த குரங்கை நாகவேணி மடியில் கிடத்தி, அதன் கரிய முகத்தில் மஞ்சள் பூசுகிறாள். அனுமன் செத்தால் ஊரே கூடித்தான் அடக்கம் செய்யும். மூடாத அதன் கண்ணில் காலை வெயில் மினுங்குகிறது. உண்ணி விரட்டும் எண்ணெய்க் குப்பியோடு ஓடிவந்த சுகாதாரப் பணியாளர் பூர்ணிமா கத்துகிறாள். “தொடாதீங்கக்கா! உண்ணி கடிச்சா குரங்குக் காய்ச்சல் வரும்!”

“அது மலைக்கு அந்தப் பக்கத்துச் சீக்குடி. நம்மூர்ல ஏது?”

“இந்த வாரம் செத்ததுல இது மூணாவதுக்கா.”

“அதான்டி அழறேன். சாமிக்கு என்ன குறை வச்சோமோ!”

முந்தானையால் அதன் வாயைத் துடைக்கிறாள். குரங்கின் உடல் குளிர்ந்துவிட்டது. கடுகளவு உண்ணிகள் அதன் காதோரத்திலிருந்து இறங்கி, அவளுடைய கதகதப்பான கையில் ஒவ்வொன்றாக ஏறுகின்றன.