வலது தோள்

சட்டையின் மூன்றாவது பொத்தானைக் கழற்றும்போதுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது பெரியவருக்கு உறைத்தது.

கட்டிலைச் சுற்றி இருபது பிசியோதெரபிஸ்டுகள். எல்லோர் கையிலும் பிறை போல வளைந்த ஓர் எஃகுக் கருவி. அதன் விளிம்பால் தோலை நீவி, அடியில் இறுகிக் கிடக்கும் தசையைக் கண்டுபிடித்து இளக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பவள் அவர் மகள்.

படுத்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்ட ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்ற பெரியவர், மகள் கையைப் பிசைவதைப் பார்த்தார். அவர் பெற்ற பெண் நாலு பேர் முன்னால் கையைப் பிசைவதா?

"நான் படுக்கிறேன்."

"வேண்டாம்பா. இன்னைக்குத் தோள் பாடம். உங்களுக்கு முட்டிதானே வலி?"

"ஏன், எனக்குத் தோள் கிடையாதா?"

இருபது பேரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. நாலாவது பொத்தானையும் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். கட்டிலில் முகம் வைக்க ஓட்டை இருந்தது. அதன் வழியே தரையும் மகளுடைய செருப்பும் மட்டும் தெரிந்தன.

அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. படுத்திருப்பவரிடம் எதையும் கேட்கக் கூடாது. கருவி கைக்குச் சொல்வதை வைத்து, அவர் எப்படி வாழ்ந்த ஆள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி களிம்பைத் தடவி இடது தோளில் கருவியை ஓட்டினாள். வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

வலது தோளில் வைத்தாள். இரண்டு விரற்கடை போனதும் நின்றாள்.

"மேடம், மணல் மேல இழுக்குற மாதிரி இருக்கு."

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார்.

பதினாறு வருடங்கள். காலையில் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா. பார்ப்பவர்களுக்கு அவர் குடோன் சூப்பர்வைசர். மாமனார் வீட்டுக்கும், தெருவுக்கும், கட்டியவளுக்கும்கூட அப்படித்தான்.

குடோனின் பின்பக்கம் ஒரு ஆணி இருந்தது. சட்டை பகல் முழுவதும் அதில் தொங்கும். அவர் கிழிந்த பனியனோடு மூட்டைகளுக்கு அடியில் இருப்பார்.

பொழுது சாயும்போது குழாயடியில் சோப்புத் தீரத் தேய்த்துக் குளிப்பார். மறுபடியும் வெள்ளைச் சட்டை. தெருமுனையில் மகள் காத்திருப்பாள். ஓடி வருவாள். தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொள்வார். அவள் பேனாவை உருவி அவர் தலையில் தாளம் போட்டுக்கொண்டே வருவாள். இரண்டு பக்கத்து வாசல்களும் பார்க்க, அந்தத் தெருவில் ராஜா மாதிரி நடப்பார்.

"பல வருஷம் கனமா எதையோ சுமந்திருக்கார் மேடம்," என்றாள் கண்ணாடிக்காரி. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் குரலில். "அதுவும் இந்த ஒரே தோள்ல. மூட்டை தூக்குற வேலையா இருக்குமோ?"

பெரியவர் கண்களைத் திறந்தார். செருப்பு இரண்டடி நகர்ந்து அவர் முகத்துக்குக் கீழே வந்து நின்றது.

"மூட்டைதான். நான்தான் அந்த மூட்டை," என்றாள் மகள். "அஞ்சு வயசு வரைக்கும் நான் தரையில கால் வெச்சதே இல்ல. இந்தத் தோள்லதான் சவாரி. அப்போ நான் இன்னும் குண்டு."

அறை மொத்தமும் சிரித்தது. கண்ணாடிக்காரியும் சிரித்தாள்.

"சரி, அடுத்து யாரு? வாங்க."

பெரியவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தோளில் அவர் அவளை ஒரு நாளும் ஏற்றியதில்லை. மாலையில் அது தோலுரிந்து தீயாக எரியும். ஒரே ஒரு முறை, விளையாட்டில் அவள் அந்தப் பக்கமாகத் தொற்றி ஏறியபோது, வாய்விட்டுக் கத்திவிட்டார்.

மறுநாள் தெருமுனையில் அவர் குனிவதற்கு முன்பே, அவள் சுற்றிக்கொண்டு போய் அவருடைய இடது பக்கத்தில் நின்றாள். அதற்கு மறுநாளும். அதன் பிறகு எல்லா நாளும்.

அவர் அதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்திருந்தார்.