பேட்ஜ் குத்திய தம்பி

"வந்துட்டாரு பாரு, பேட்ஜ் குத்துன பெரிய மனுசன்."

வரப்பில் நின்ற பொன்னுத்தாய் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். மிராசுதார் காயாரோகணத்தின் காரிலிருந்து முதலில் குதித்து, ஓடிப்போய் அவருக்குக் கதவு திறந்துவிட்டவன் வேறு யாரும் இல்லை. அவள் கூடப்பிறந்த தம்பி இராஜாங்கம்தான்.

வயிற்றெரிச்சல் இருக்காதா பின்னே? வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளும் புருசன் தங்கையனும் உழுது, நட்டு, அறுக்கிற குத்தகை நிலம் இது. "இந்தத் தாளடி அறுப்போட வயலை விட்டுடு" என்று மிராசுதார் ஆள் விட்டுச் சொல்லியாகிவிட்டது. குத்தகைக்காரன் பேரைப் பதிவு பண்ண வேண்டும், பதிவானவனைக் கிளப்பக் கூடாது என்று புது சர்க்கார் சட்டம் போட்டாலும் போட்டது, அந்த வட்டாரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் இதே வேலையாகிவிட்டது. வருசா வருசம் நெல்லை அளந்துவிட்டு ரசீது கேட்டால், "நமக்குள்ள என்னடா ரசீது" என்று சிரித்தே அனுப்பி வைத்த மனுசன். இப்போது கேட்டால் தங்கையன் கூலி ஆளாம்.

அந்த மகராசனுக்குத்தான் இவன் கதவு திறக்கிறான்.

இராஜாங்கம் உரக் கம்பெனியில் சேல்ஸ் ரெப். சேர்ந்த புதிதில் ஒரு மூட்டை விற்கத் திருவிடைமருதூர் முழுக்க சைக்கிள் மிதித்து நாக்குத் தள்ளினான். அப்புறம் கும்பகோணத்து சேவா கிளப்பில் போய் அவர்கள் பேட்ஜைக் குத்திக்கொண்டு ஒட்டிக்கொண்டான், பிழைத்துக்கொண்டான். கண் முகாமா, பெஞ்சு தூக்க அவன். ரத்ததானமா, முதலில் கை நீட்ட அவன். கிளப்பில் இருந்தது பூராவும் மிராசுகள், ரைஸ்மில்காரர்கள், ஆபீசர்கள். ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்ல, ஆர்டர் குவிந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. கிளப் தலைவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் காயாரோகணம்.

"சேவையாம் சேவை. மூட்டை விக்கிறதுக்கு ஒரு முகமூடி" என்பாள் பொன்னுத்தாய்.

நடவு முடிந்த கையோடு ஒருநாள் வந்து நின்றான். மச்சான் வயலில் கம்பெனி உரம் போட்டு மாதிரி வயல் வைக்கப் போவதாகவும், கதிர் முற்றியதும் கிளப்பே வந்து விழா எடுக்கும் என்றும் சொன்னான். கையை விட்டுப் போகிற நிலத்துக்கு உரம் ஒன்றுதான் குறைச்சலா என்று கேட்டாள். உன் தலைவரிடம் சொல்லி எங்களை வயலில் இருக்கவிடேன் என்றும் கெஞ்சிப் பார்த்தாள்.

"அவர் மனசு கோணாம நடந்துக்கணும்க்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்றோடு அவனுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள்.

இதோ, இன்றைக்கு அந்த விழா. களத்தில் சாமியானா, மைக். பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் தாசில்தாரும், மெட்ராஸிலிருந்து வந்த கிளப்பின் பெரிய தலைவரும். காயாரோகணம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இவ்வளவு விளைச்சலையும் எடுத்திருக்கிறது நம்ம ஆளு தங்கையன்..."

பின்னால் நின்ற இராஜாங்கம் சட்டென்று குனிந்து அவர் காதில் ஏதோ ஓதினான். காதுக்குள்ளேயும் ஜால்ரா தட்டுகிறான் என்று பொன்னுத்தாய் பல்லைக் கடித்தாள். மிராசுதார் மெட்ராஸ்காரரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். குரலில் தேன் வழிந்தது.

"நம்ம குத்தகைக்காரர் தங்கையன். எங்கப்பா காலத்துலேருந்து இந்த நிலம் இவர் கையிலதான் இருக்கு. குத்தகைக்காரரை உசத்துறதுதான் நம்ம கிளப்போட லட்சியம்."

சால்வை போர்த்தினார். மெட்ராஸ்காரர் எழுந்து நின்று கைதட்ட, தாசில்தாரும் தட்டினார். தங்கையன் கூனிக் குறுகி நின்றான்.

கூட்டம் கலைந்ததும் பொன்னுத்தாய் தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

"கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளப்போறவன் கையாலயே சால்வையா? அதுக்கு நீ தரகனா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே."

அவன் நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தான்.

அறுவடை முடிந்தது. சொன்னபடியே மிராசுதார் வயலில் வேறு ஆளை இறக்கப் பார்த்தார். தங்கையன் குத்தகைப் பதிவுக்கு மனுப் போட, விசாரணை தாலுகா ஆபீசுக்கு வந்தது.

"சொந்தப் பண்ணை சார் அது. இவன் கூலிக்கு வந்து போறவன்" என்றார் காயாரோகணம், விசிறிக்கொண்டே. "குத்தகைன்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்கான்னு கேளுங்க."

இல்லைதான். பண்ணையை எதிர்த்துச் சாட்சி சொல்ல ஊரில் ஒரு நாதியும் இல்லை. பொன்னுத்தாய் தங்கையன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

தாசில்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சீட்டு எதுக்கு சார்? எங்கப்பா காலத்துலேருந்து என் குத்தகைக்காரர்னு ஊரைக் கூட்டி மைக்குல சொன்னது நீங்கதானே? கைதட்டுனதுல நானும் ஒருத்தன்."

விசிறி நின்றுவிட்டது. காயாரோகணம் மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே இராஜாங்கம் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் பேட்ஜ் இல்லை. இனி அந்த வட்டாரத்தில் ஒரு மிராசுகூட அவனிடம் ஒரு பிடி உரம் வாங்கப் போவதில்லை. அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

பதிவு பண்ணச் சொல்லி உத்தரவானதும், பொன்னுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"அன்னிக்கு அவர் காதுல என்னடா ஓதுனே?"

"ஆளுன்னு சொல்லாதீங்க ஐயா, குத்தகைக்காரர்னு சொல்லுங்க, மெட்ராஸ்காரங்க மெச்சிக்குவாங்கன்னேன்க்கா."