கோட்டைச் சுவரில் ஒரு பைல்

டண்டினொங் தொழிற்சாலையில் மாலை ஆறு மணித் தேநீர் இடைவேளை. சாப்பாட்டு அறையில் சூசைதாசன் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருக்கிறான். வீடியோ அழைப்பு; திரையில் ஒஸ்ரியாவின் லின்ஸ் நகரம், அங்கே காலை வெயில். அகதிகளாய்ப் பதின்மூன்று வருடம் தற்காலிக விசாவில் இருந்த பிறகு நிரந்தர விசா கிடைத்ததும், அங்குள்ள தன் தமக்கையைப் பார்க்கப் போயிருக்கும் அவன் மனைவி பிலோமினா கோட்டை மேட்டில் நின்று ஊரைக் காட்டுகிறாள். இந்தப் பக்கம் தேவாலயக் கோபுரம், அந்தப் பக்கம் உருக்காலையின் புகைபோக்கிகள். "உங்கட பக்டரி மாதிரித்தான் கிடக்கு, என்னப்பா." சட்டென்று அவள் குரல் தாழ்கிறது. "பொலிஸ் ஒராள் வாறார்." படம் ஆடுகிறது; கல் பாவிய தரை, அவளுடைய சப்பாத்து. பிளாஸ்ரிக் பைல் திறபடும் சரசரப்பு. யாரும் மறித்துக் கேட்டால் காட்டவென்று எங்கே போனாலும் இருவரும் காவித் திரியும் விசாக் கடிதங்கள் அதற்குள் இருக்கின்றன. சூசைதாசன் வாயில் எடுத்த தேநீரை விழுங்காமல் இருக்கிறான். பிறகு அந்தப் பொலிஸ்காரரின் குரல், படம் எடுத்துத் தரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கிறது. கைபேசி கைமாறுகிறது. இப்போது திரையில் பிலோமினா முழுதாகத் தெரிகிறாள், கோபுரத்துக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே, பைலை நெஞ்சோடு அணைத்தபடி. "அதை அங்கால வைச்சிட்டு நில்லும்," என்கிறான் சூசைதாசன். அவள் பைலைக் கோட்டைச் சுவரில் வைக்கிறாள். வெறுங்கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்று, பிறகு இரண்டையும் தூக்கி அசைக்கிறாள்.