தகரச் சங்கு

இந்தச் சம்பவத்தைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவர் என் மாமனார் கிருஷ்ணப்பன். பொய் பேசாத மனிதர். அதுதான் சிக்கல்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் மாமனார் தெருவில் லியாகத் அலி என்பவர் ஒரு பழைய ஆஸ்டின் காரை வாடகைக்கு ஓட்டினார். வெயில் ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்கும். பாதி வழியில் நின்றுவிடும்.

தகர வேலை செய்யும் நீலமேகம் மூடியைத் திறந்து பார்த்தான்.

"இன்ஜின் சூட்டையே இன்ஜின் திரும்ப இஸ்துகினு கீது பாய். அடுப்புக்குள்ள மூஞ்சிய வுட்டா உனக்கு மூச்சு வருமா? வெளிக்காத்து குடு."

எண்ணெய் டின்னை வெட்டிச் சுருட்டி, பற்றவைத்து, ஒரு குழாய் செய்தான். ஒரு முனை கார்புரேட்டர் வாயில். மறு முனையில் ஒரு நீளப் புனல், வண்டியின் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு. தூசி தட்ட, புனலை மட்டும் உருவி எடுக்கலாம்.

வண்டி பறந்தது.

ஆனால் வேகம் பிடித்ததும் குழாய் ஊதியது. நீளமாக, நடுங்கி நடுங்கி, பிணத்துக்கு முன்னால் ஊதுகிற சங்கைப் போலவே.

மூலக்கொத்தளம் சுடுகாட்டைத் தாண்டியபோது, குழி வெட்டுகிறவர் கடப்பாரையோடு வெளியே ஓடி வந்தாராம்.

"எந்தத் தெரு பொணம்? சொல்லவே இல்லியே!"

அந்த வாரமே தெருவில் இரண்டு சாவு. 'சங்கு வண்டி' என்று பேராகிவிட்டது. அது வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சண்டைக்குப் போனவர் என் மாமனார்தான். மார்கழி பஜனையில் சங்கு ஊதுகிறவர் அவர்.

"இன்னா பாய், பெருமாள் கையில கீற பொருளு. அத்தப் பொணத்துக்கு ஊதுற மாதிரி ஊதிகினு திரியிற? என் பொண்ணு முழுகாம கீறா. அவ காதுல இது வுழக்கூடாது."

"குழாயக் கழட்டினா வண்டி நின்னுடும் அண்ணாத்தே. வண்டி நின்னா எங்கூட்டு அடுப்பும் நின்னுடும்."

"அப்ப அதும் வாய அடை."

நீலமேகம் குழாய்க்குள் தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் கட்டினான். காற்று உள்ளே போயிற்று, சத்தம் மட்டும் நின்றது. அப்படியும் யாரும் ஏறவில்லை.

"மின்னாடி எமன் சொல்லிகினு வந்தான். இப்ப சொல்லாம வர்றான்" என்றாள் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள்.

முழுகாமல் இருந்த அந்தப் பெண் ராஜாத்தி, என் மனைவி. அவளுக்கு வலி கண்ட மத்தியானம் நான் துறைமுகத்தில் வேலையில் இருந்தேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வேறு வண்டி கிடைக்கவில்லை. மாமனார் லியாகத் அலி வீட்டு வாசலில் போய் நின்றார். லியாகத் அலி உடனே வண்டியை எடுத்தார்.

தண்டையார்பேட்டையில் சாலையே அடைத்துக் கிடந்தது. உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள், கைவண்டிகள். மாமனார் இறங்கி முன்னால் ஓடினார்.

"புள்ளத்தாச்சி கீறாப்பா! கொஞ்சம் வயி வுடுங்க!"

"எங்களுக்கு மட்டும் வேல இல்லியா நைனா? பின்னால வா."

பின் சீட்டில் ராஜாத்தியின் அலறல் நின்றுவிட்டது.

"அப்பதான் மாப்ள," இந்த இடத்தில் மாமனார் குரல் எப்போதும் இறங்கிவிடும், "வண்டி தானா ஊதிச்சி."

வண்டி நின்றுகொண்டிருந்தது. குழாயில் நார். ஆனாலும் ஊதியதாம். மாட்டு வண்டிகள் ஓரம் கட்டின. கைவண்டிக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். ஒரு கிழவர் காருக்குள் கிடந்தவளைப் பார்த்துக் கைகூப்பினார். உயிருக்கு விடாத வழியைப் பிணத்துக்கு விட்டார்கள். நெரிசல் தாண்டும்வரை சங்கு ஓயவில்லை.

பிள்ளை பிழைத்தான். தாயும் பிழைத்தாள்.

"அது எமன் சங்கு இல்ல. எம் பொண்ணுக்காகத் தானா ஊதின சங்கு" என்று மாமனார் தெருத்தெருவாகச் சொன்னார். அதன் பிறகு பிரசவம் என்றாலே அந்த வண்டியைத்தான் கூப்பிட்டார்கள். லியாகத் அலி வீட்டு அடுப்பு மறுபடி எரிந்தது.

நீலமேகம் குழாயைப் பிரித்துப் பார்த்தான். நார் கட்டியது கட்டியபடியே இருந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் ஃபிட்டர். ஓடாத வண்டியில் குழாய் ஊதாது என்று எனக்குத் தெரியும். ராஜாத்தியைக் கேட்டேன். கண் இருட்டிவிட்டது, சத்தம் மட்டும் கேட்டது என்றாள். லியாகத் அலி சாகும்வரை சொன்னது ஒன்றுதான்: "ஊதினது யாருன்னு அல்லாவுக்குத் தெரியும் மாமு."

வேறொன்றும் தெரியும் எனக்கு. அந்த வருஷ மார்கழியில் மாமனார் பெருமாள் சங்கைக் கையால் தொடவில்லை. மூச்சு போதவில்லை என்றார். பிறகு எந்த மார்கழியிலும் தொடவில்லை.

போன மார்கழி. விடியற்காலையில் பஜனை கோஷ்டி தெருவில் வந்தது. வாசலில் மாமனார் எழுந்து நின்றார். சங்கு ஊத ஊத, அவருடைய உதடுகள் தாமாகக் குவிந்தன. மீசை நரைத்து உதிர்ந்த இடத்தில், இத்தனை நாள் நான் கவனிக்காத ஒரு தழும்பு. புனலின் குறுகிய முனையைப் போல வளைவாக.

அப்போதுதான் கேட்டேன்.

"மாமா, வண்டி தானா ஊதிச்சின்னா, உங்க ஒதட்டுல இந்தத் தகரக் கீறல் எப்படி வந்திச்சி?"